சத்தம் நிறுத்திப் பார்த்த பாட்டு

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டவர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள். மற்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. என் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். அம்மா நன்றாகக் கதை அளக்கிறா என்று சிரித்தார்கள். அதனால் நம் வயதுக்காரருக்கே சொல்கிறேன். முழங்கால் நோவும் சீனி வருத்த மாத்திரையுமாக இருக்கிற உங்களுக்காவது நான் பொய் சொல்லவில்லை என்று தெரியும்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி வருவதற்கும் தடை. கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கசற் றேடியோ கொஞ்ச நாள் பூப்போட்ட துணியால் மூடி, சாமிப்படம் மாதிரிச் சும்மா இருந்தது. பிறகு ஊரே கண்டுபிடித்த வழியை அப்பாவும் பிடித்துக்கொண்டார். சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார். டைனமோவைச் சில்லோடு சேர்த்து, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவில் கொடுப்பார். யாராவது ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்தான். எனக்கு அப்போது பதினொரு வயது.

செய்தி என்றால் பரவாயில்லை. கசற் போட்டால்தான் பாடு. வேகமாகச் சுற்றினால் பாட்டு ஓரளவு ஒழுங்காக வரும். கை சோர்ந்தால் பாடுகிறவருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்துவிடும். இன்னும் சோர்ந்தால் அவர் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடுவார். சில்லில் டைனமோ உரசுகிற சத்தமும், சூடேறிய ரப்பர் மணமும், என் வியர்வையும் சேர்ந்ததுதான் எனக்குச் சங்கீதம். இன்றைக்கும் எங்கேயாவது ரயர் எரிகிற மணம் வந்தால் எனக்குப் பாட்டுக் கேட்க ஆசை வருகிறது. விசர் என்று நினைத்தாலும் நினையுங்கள்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஏழு வயது. கண் இரண்டும் பெரிது, வாயில் சொற்கள் கொஞ்சம். அவன் சொல்கிற சொற்களும் ஓரம் தேய்ந்துதான் வரும். பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு மாதத்தில் தலைமை வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, “இவன் படிக்கமாட்டான். கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறானில்லை. வீட்டிலை வைச்சிருங்கோ” என்று அனுப்பிவிட்டார். அம்மா ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனா. அவர் தம்பியின் முதுகுக்குப் பின்னால் மேசையில் ஓங்கித் தட்டினார். தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். காதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

காதில் குறையில்லை என்பதற்கு ஊரே சாட்சி. குண்டு போட பொம்மர் விமானம் வருகிற இரைச்சலை எங்கள் ஒழுங்கையில் முதலில் உணர்கிறவன் தம்பிதான். விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பங்கர் குழிக்குள் ஓடுவான். அவன் ஓடினால் நாங்களும் கேள்வி கேட்காமல் ஓடுவோம். கொஞ்சம் கழித்துத்தான் எங்களுக்கு அந்தச் சத்தம் வரும். அது பெரிய உபகாரம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அதை வைத்தே அவனைக் குற்றவாளியாக்கினார்கள்.

“பொம்மர் கேக்கிற காதுக்கு அம்மா கூப்பிட்டால் மட்டும் கேக்காதோ? கள்ளன். வேண்டினதை மட்டும் கேக்கிறான்,” என்பார் அப்பா.

கள்ளன், சோம்பேறி, புத்தி மட்டு. ஏழு வயதுக்குள் இத்தனை பட்டம். அப்பாவைக் கொடியவர் என்று நினைக்காதீர்கள். சங்கக்கடையில் பங்கீட்டுச் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலை, நாள் முழுக்க வரிசையில் நிற்கிற சனத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர். மகன் தன்னை மதிக்கவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். அது அவருக்கு வலித்தது. வலிக்கிற ஆம்பிளைகள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் போடுவார்கள்.

அப்பாவின் அக்காவை நாங்கள் சாவகச்சேரி மாமி என்போம். அவவுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடுகள் இருந்தன. அவதான் ஒரு நாள் சொன்னா, “படிக்காத பிள்ளையை என்னத்துக்கு வைச்சு ஏசிக்கொண்டிருக்கிறாய்? என்னட்டை விடு. மாட்டையெண்டாலும் மேய்க்கட்டும். ஒரு குறையும் இல்லாமல் பாப்பன்.” அப்பா சம்மதித்து ஓம் என்றுவிட்டார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல அவவிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. அடுத்த முறை மாமி வரும்போது தம்பி அவவோடு போவதென்று முடிவாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் கசற் வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, ஜேர்மனியில் இருந்தார். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டுக் கசற்றில் கதைத்து அனுப்புவார். கொழும்பிலிருந்து யாரோ ஒருவர் உடுக்கிற சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். எல்லாரும் முற்றத்தில் கூடினோம். நான் பெடலுக்குப் போனேன்.

முதலில் என் கை தென்பாகத்தான் இருந்தது. சின்ன மாமா கதைத்தார். தனக்குக் கலியாணம் சரிவந்த கதை, பனிக்குள் விழுந்த கதை. தம்பி தூரத்தில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தான். பிறகு என் கை சோர்ந்தது. சின்ன மாமாவின் குரல் இறங்கி இறங்கி, எருமை கதைப்பது மாதிரி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அப்போது தம்பி மண்ணை விட்டுவிட்டு எழும்பினான். நேரே வந்து றேடியோவுக்கு முன்னால் இருந்தான். அதன் வலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

நான் அதைப் பார்த்தேன். பெரியவர்கள் பார்க்கவில்லை.

சின்ன மாமா முடிவில் சொன்னார், “அக்கா, மிச்ச இடத்தை வீணாக்காமல் ஒரு பாட்டுப் பதிஞ்சு விட்டிருக்கிறன். இஞ்சை இப்ப எந்தக் கடைக்குள்ளை போனாலும் இந்தப் பாட்டுத்தான். ரீவியிலை இதுக்கொரு படம் போடுவினம். அதிலை ஆக்களே இல்லை. எல்லாம் பென்சிலாலை கீறின கோடு. கோடு எழும்பி நடக்குது, பாடுது. நம்பமாட்டியள். கலியாண வீடியோ அனுப்பேக்கை அதையும் சேர்த்து அனுப்பிறன். பிள்ளையளுக்குக் காட்டுங்கோ.”

அந்தப் பாட்டை நாங்கள் எத்தனை மாதம் கேட்டோமோ தெரியாது. இங்கிலீஸ் பாட்டு, ஒரு சொல் விளங்காது. பல்லவியில் மட்டும் நீளமாக, ஓ, ஓ, ஓ என்று இழுத்துவிட்டு, ஒரு கணம் மூச்சை அடக்கி, படார் படார் என்று இரண்டு கைதட்டு வரும். பாடுகிறவர் வயிறு பெருத்த, மீசை வைத்த ஒரு மனுசன் என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். என் கை சுற்றுகிற வேகத்தில் அவருக்கு வேறு எந்தக் குரலும் வந்திருக்க முடியாது. பல வருடம் கழித்துக் கனடாவில் ஒரு உடுப்புக்கடையில் அதைச் சரியான வேகத்தில் கேட்டேன். கூட வந்த மகளிடம், இது பிழையான பாட்டு, இவள் என்ன இப்படி அவதிப்பட்டு ஓடுகிறாள் என்றேன். எங்கள் முற்றத்துப் பாட்டுக்கு அது கிட்டவும் வராது.

தம்பி தினமும் சைக்கிளடிக்கு வந்துவிடுவான். நான் வேகமாகச் சுற்றினால் என் கையைப் பிடித்து இழுப்பான். மெல்லச் சுற்றினால் விட்டுவிடுவான். இன்னும் மெல்லச் சுற்றினால் முகமெல்லாம் சிரிப்பாகி, ஓ, ஓ, ஓ என்று கூடவே தொண்டைக்குள் முனகுவான். கைதட்டு வருகிற இடத்தில் சரியாகத் தட்டுவான். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அம்மா, மெல்லச் சுத்தினால் தம்பிக்குக் கேக்குது!”

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, “உனக்கென்ன விசரே? றேடியோவைப் பழுதாக்கிப்போடாதை,” என்றா.

இன்றைக்கு ஒரு காது வைத்தியர் இதை இரண்டு வசனத்தில் சொல்லிவிடுவார். பிற்காலத்தில் எங்களுக்கும் ஒருவர் சொன்னார். சிலருக்குத் தடித்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய கூர்ச் சத்தங்கள் கேட்காது. இரைச்சல் கேட்கும், மேசையில் தட்டினால் கேட்கும், பேச்சு மட்டும் தேய்ந்து சிதைந்து வரும். கசற் மெதுவாக ஓடினால் மனிதக் குரல் முழுவதும் கீழே இறங்கி, அவனுக்கு எட்டுகிற இடத்துக்கு வந்துவிடுகிறது. என் தம்பி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதக் குரலை முழுதாகக் கேட்டது என் கை சோர்ந்ததால்தான்.

கலியாண வீடியோ வந்தது. அதைப் பார்க்க மாமியும் வந்தா. வரும்போதே தம்பிக்கென்று ஒரு புதுச் சாரமும் ஒரு துணிப்பையும் கொண்டுவந்தா. அடுத்த நாள் காலையில் அவன் அவவோடு போக வேண்டும். அம்மா அவனுடைய காற்சட்டைகளை மடித்துப் பைக்குள் வைப்பதும், திரும்ப வெளியே எடுத்து மடிப்பதுமாக இருந்தா.

அந்தக் காலத்தில் வீடியோ பார்ப்பது என்றால் சின்னத் திருவிழா. படக்காரர் என்று ஒருவர் ரீவியையும் வீடியோ டெக்கையும் தள்ளுவண்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவருவார். ஜெனரேற்றர் கிணற்றடிக்கு அப்பால் மதிலோரம் இருக்கும். மண்ணெண்ணெயில்தான் ஓடும். அதைக் கிளப்ப மட்டும் ஒரு துளி பெற்றோல், மருந்து மாதிரி. வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று பகலில்தான் படம். சன்னல்களுக்குச் சாக்கும் போர்வையும் தொங்கவிட்டு, அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வேர்த்து வழிய இருப்போம்.

ரீவியின் சத்தத்தை மட்டும் கூட்டவே கூடாது. ஜெனரேற்றர் இரைச்சலே போதாதென்று ரீவியும் கத்தினால் வானத்தில் வருவது ஒருவருக்கும் கேட்காது. அப்பா கதவு நிலையில் நின்று ஒரு காதை வெளியே வைத்திருந்தார். தாலி கட்டுகிற நேரம் மட்டும் அம்மா கெஞ்சினபடியால் கொஞ்சம் சத்தம் வைத்தார்கள். மேளம் கேட்டது. அம்மா அழுதா. முடிச்சு விழுந்த கையோடு அப்பா, “காணும், சத்தத்தைப் பூட்டு” என்றார். அதற்குப் பிறகு சின்ன மாமா ஊமைப் படத்தில் சாப்பிட்டார், ஊமைப் படத்தில் கேக் வெட்டினார். பொம்பிளை வடிவுதான், கொஞ்சம் உயரம் கூட என்று மாமி தீர்ப்புச் சொன்னா.

கலியாணம் முடிந்தது. திரை ஒருமுறை பொரிந்தது. படக்காரர் எழும்பப்போனார். அப்போது திரையில் ஒரு வெள்ளைத் தாள் தெரிந்தது. தாளில் ஒரு பென்சில் முனை வந்து தொட்டது.

“அதுதான்! சின்ன மாமா சொன்ன பாட்டு!” என்று கத்தினேன்.

“உதென்ன, சின்னப் பிள்ளையளின்ரை படமே? எண்ணெய் வீண். நிப்பாட்டு,” என்றார் அப்பா.

“ஒரு நாளும் காணாததுகள், பாக்கட்டுமே,” என்றா அம்மா.

ஒரு கோடு. அது சும்மா நீண்டுகொண்டு போனது. போன கோடு திரும்பிப் பார்த்தது! எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வளைந்து, சுருண்டு, கழுத்தாகி, தலைமயிராகி, ஒரு பெட்டை தாளிலிருந்து எழும்பி நின்றாள். அவளுடைய கோடுகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொதிக்கிற கஞ்சி மாதிரி விளிம்பெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்தாள். கால் வைத்த இடமெல்லாம் தெரு முளைத்தது. கூரைகளின் மேல் ஓடினாள். பென்சில் மழை பெய்து அவளுடைய கால்களை அழித்தது. அவள் தன் தலைமயிரில் ஒரு இழையைப் பிடுங்கித் தனக்குத்தானே புதுக்கால் கீறிக்கொண்டாள். “அடி ஆத்தை!” என்றா மாமி, வாயில் வெற்றிலையோடு. அதுவரை நான் கீறிய படங்களெல்லாம் கொப்பியில் செத்துப் போய்க் கிடந்தன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவள் எங்களைப் பார்த்து வாயைத் திறந்தாள். பாடுகிறவள் இவளா? எங்கள் மீசைக்காரர் எங்கே? முழு முகமும் வாயாகிப் பெரிய வட்டமாக விரிந்தது. சத்தம்தான் இல்லை.

அப்போது சத்தம் வந்தது.

ரீவியிலிருந்து இல்லை. முன்னுக்கு, திரைக்குக் கிட்டவாக இருந்த தம்பியிடமிருந்து. ஓ, ஓ, ஓ. அவள் வாய் மூடியபோது மூடினான். அவள் தட்டியபோது படார் படார் என்று தட்டினான். முற்றத்தில் நான் சுற்றிய வேகத்தில் இல்லை, அவளுடைய வாயின் வேகத்தில். எங்கள் எல்லாருக்கும் ஊமையாகப் போன பாட்டை என் தம்பி தனியாகப் பாடிக்கொண்டிருந்தான்.

கோட்டுப் பெட்டை திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். தம்பி நிறுத்திவிட்டான். கழுத்தை வளைத்து, திரையின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பினாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

மாமிதான் கண்டுபிடித்தா. கொண்டுபோக வந்த மாமி!

“எல்லாரும் பேசாமல் இருங்கோ,” என்றா. “பாத்தியளே? அவள் திரும்பினால் இவன் நிப்பாட்டிறான். உவன் வாயைப் பாக்கிறான். வாயைப் பாத்துத்தான் உவனுக்கு எல்லாம் விளங்குது.” பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டி, “நான் வெத்திலையைக் குதப்பிக்கொண்டு என்ன சொன்னாலும் உவன் கேக்கிறேல்லை. மரியாதை தெரியாத பிள்ளையெண்டு நினைச்சன்” என்றா.

பாட்டு முடிந்து திரை பொரிந்துகொண்டிருந்தது. மாமி எழும்பிப் போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தா. தம்பிக்கு எதிரில் குந்தினா. குரலே எடுக்காமல், வாயை மட்டும் அசைத்தா. செம்பில் தண்ணி கொண்டு வா என்று நாங்கள் ஊகிக்கவே கஷ்டப்பட்டோம். தம்பி எழும்பி, ஆட்களுக்கு இடையால் நெளிந்து குசினிக்குள் போனான். நிறைந்த செம்பை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் கொண்டுவந்து மாமியிடம் நீட்டினான்.

அம்மாவிடமிருந்து ஒரு கேவல் வந்தது. “நான் எந்த நாளும் அடுப்பைப் பாத்துக்கொண்டெல்லோ இவனைக் கூப்பிட்டனான்,” என்றா. “என்ரை முதுகுக்கு இவன் என்னெண்டு மறுமொழி சொல்லுவான்?”

மாமி தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, அந்தத் துணிப்பையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தா. “இவனைத் திரும்பப் பள்ளிக்கூடத்திலை விட்டு, வாத்தியாருக்கு முன்னுக்கு, முதல் வரிசை வாங்கிலை இருத்தச் சொல்லுங்கோ. என்ரை மாட்டை நான் பாக்கிறன்.”

படக்காரர் அப்பாவைப் பார்த்தார். “அண்ணை, இன்னொருக்காப் போடட்டோ?”

எண்ணெய் வீண் என்று சொன்ன அப்பா கதவு நிலையிலிருந்து, “போடு” என்றார். அவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

அந்த வீடியோவும் கசற்றும் றேடியோவும் பிறகு சண்டைக்குப் பயந்து நாங்கள் ஊரோடு வீட்டை விட்டுப் போனபோது போய்விட்டன. அதற்கெல்லாம் நான் அழுததில்லை. அன்றைக்குக் கண்ட ஒன்றை மட்டும் நினைத்து இன்றும் அழுவேன்.

கோட்டுப் பெட்டை இரண்டாம் தரமும் தாளிலிருந்து எழும்பியபோது, அப்பா ஆட்களைத் தாண்டி வந்து திரைக்கும் தம்பிக்கும் நடுவில் முழங்காலில் இருந்தார். அவர் வீட்டில் யாரிடமும் பிழை ஒத்துக்கொண்டு நான் கண்டதில்லை. இவ்வளவு சனத்துக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. தம்பியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயை அசைத்தார். நெடுநேரம் அசைத்தார். நல்ல காது வைத்திருந்த எங்கள் ஒருவருக்கும் அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தம்பி கண்வெட்டாமல் அந்த வாயையே பார்த்திருந்தான். அது நின்றதும், அறை முழுவதற்கும் கேட்க, “ஓம் அப்பா” என்றான்.